ஸ்டுபிட்சே தக்காளி விதை: குளிர் ஊருக்கு நம்பி வாங்கலாம்
நான் இருக்கும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜூலையில்கூட இரவு 10 டிகிரிக்கு இறங்கிவிடும், அந்தக் குளிரில் வழக்கமான தக்காளி பூவை உதிர்த்துவிடும். மூன்று வருடம் பெரிய பழ ரகங்களை வைத்துவிட்டு அக்டோபரில் பச்சைக் காயாகவே பறித்து நொந்துபோனேன். இந்த வருடம் வாங்கியது செக் நாட்டு ரகமான ஸ்டுபிட்சே. இலை உருளைக்கிழங்கு இலை மாதிரி அகலமாக வரும், விதை மாறிப்போச்சோ என்று பயப்படாதீர்கள். மார்ச் கடைசியில் ஜன்னலோரம் விதைத்து, ஜூன் தொடக்கத்தில் தெற்குப் பார்த்த சுவரோரம் நட்டேன், ஆகஸ்ட் நடுவில் முதல் கொத்து சிவந்தே விட்டது! பழம் எலுமிச்சை அளவுதான், ஆனால் வெயில் சூட்டோடு பறித்துக் கடித்தால் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து அப்படி ஒரு ருசி. ஆளுயரம் ஏறும், கொம்பு ஊன்றியே ஆக வேண்டும். ஒரே குறை, கருகல் நோயைத் தாங்காது. அதனால் அடியிலைகளைக் கிள்ளிவிட்டு வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம், இது ஹைபிரிட் (கலப்பின) ரகம் இல்லை, விதைத்தால் அதே ரகம்தான் வரும்; அதனால் நல்ல பழத்திலிருந்து அடுத்த வருடத்துக்கு விதை எடுத்து வைத்துவிட்டேன்.