ஊரின் உறவுப் படம்: அழைப்புப் பதிவும் வாய்மொழியும்

கானாடுகாத்தானில் அப்பத்தாவின் செல்பேசியில் இருந்த ஒரு மாத அழைப்புகளை, அவர் சம்மதத்தோடு, தாளில் எழுதிப் பார்த்தேன். மருந்துக் கடைக்காரருக்கு முதலிடம், பால்காரருக்கு இரண்டாமிடம். பிறகு, "உங்களுக்கு வேண்டியவர்கள் யார் யார்?" என்று கேட்டேன். பதினொரு பேரைச் சொன்னார். அவர்களில் இருவர்தான் தாளில் இருந்தார்கள். சிங்கப்பூர் சித்தப்பா தினமும் பேசுகிறார், ஆனால் வாட்ஸ்அப்பில். அதே வளவில் இருக்கும் பங்காளி வீட்டு ஆச்சியைக் கூப்பிடப் போன் எதற்கு? முகப்பில் நின்று குரல் கொடுத்தால் போதும்.

மனிதர்களைப் புள்ளிகளாகவும் தொடர்புகளைக் கோடுகளாகவும் வரையும் சமூக வலைப்பின்னல் ஆய்வில் அழைப்புப் பதிவைப் பார்ப்பது, வாய்விட்டுக் கேட்பது ஆகிய இந்த இரண்டு வழிகளும் நெடுங்காலமாகப் போட்டியிடுகின்றன.

பேச்சின் ஒலி அல்ல, அழைப்பின் விவரம் மட்டுமே கொண்ட அழைப்புப் பதிவின் பலம் அளவு. யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம், எந்தச் செல்பேசிக் கோபுரம் வழியாக என்பதெல்லாம் தானாகவே சேர்கிறது. 2007இல் ஒன்னேலா என்ற ஆய்வாளரின் குழுவினர் 18 வாரச் செல்பேசிப் பதிவுகளைக் கொண்டு 46 லட்சம் பேரின் வலையை வரைந்தார்கள். நெருங்கிய உறவுக் கோடுகளை அழித்தபோது வலை பெரிதாகக் குலையவில்லை. எப்போதாவது பேசுகிறவர்களின் கோடுகளை அழித்தபோது துண்டு துண்டாக உடைந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டு இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

வாய்மொழிக்கு மறதி எதிரி. யாரோடு பேசினோம் என்பது உட்பட, நடந்தவற்றை நினைவிலிருந்து மக்கள் சொல்வதில் ஏறக்குறையப் பாதி ஏதோ ஒரு வகையில் தவறு என்று ஆய்வாளர்கள் பெர்னார்ட், கில்வொர்த் குழுவினர் 1984இல் எழுதினார்கள். ஆனாலும் கேள்வியைச் சரியாகக் கேட்டால் பலன் உண்டு. கர்நாடகத்தின் 75 கிராமங்களில் பொருளியலாளர்கள் பானர்ஜி, டஃப்லோ குழுவினர் "யாரிடம் அரிசியோ மண்ணெண்ணெயோ கடன் வாங்குவீர்கள், யாரிடம் யோசனை கேட்பீர்கள்" என்றே கேட்டார்கள். சிறுகடன் பற்றிய செய்தி எந்த ஊரில் நன்றாகப் பரவும் என்பதற்கு அந்தப் பதில்களே தடயம் தந்தன.

செட்டிநாட்டுக்கு நான் வாய்மொழியையே தேர்ந்தெடுப்பேன், பக்கத்தில் மொய் நோட்டையும் வைத்துக்கொண்டு. நகரத்தார் கோவில் கணக்கில் மணமான ஒரு குடும்பம் ஒரு 'புள்ளி'. ஆய்வாளர் வரைகிற புள்ளிக்கும் அதே பெயர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் கோவில் புள்ளி ஒரு குடும்பம். செல்பேசி எண்ணோ சில வீடுகளில் மூவருக்குப் பொது. மொய் நோட்டில் யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பது தலைமுறை தாண்டி நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறைகூடப் போனில் பேசாத தேவகோட்டைச் சம்பந்தியும் அதில் இருக்கிறார்.

அழைப்புப் பதிவில் ஓர் அச்சமும் உண்டு. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பது பொய்த்தெம்பு. 15 லட்சம் பேரின் செல்பேசிப் பதிவுகளை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், எங்கே, எப்போது இருந்தார் என்ற நான்கே குறிப்புகள் 95 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டிவிட்டன. காரைக்குடி அளவுள்ள ஊரில் யாரும் ஒளிய முடியாது. கேட்டுப் பெறும் பதிலிலோ, சொல்ல விரும்பாததை ஆச்சி சொல்லாமலே விட்டுவிடலாம்.

என் தாளை அப்பத்தாவிடம் காட்டினேன். மருந்துக் கடைக்காரரின் எண்ணில் விரலை வைத்தார். "இவரை மறந்துவிட்டேனே. நடு இரவில் இன்சுலின் கொண்டுவந்து கொடுத்தவர். பன்னிரண்டாவதாக எழுதிக்கொள்" என்றார்.