பலாலிக்கு எந்த வழி கிட்ட?

லண்டனிலிருந்து யாழ்ப்பாணம் போவதென்றால் எங்களுக்குக் கொழும்புக்குக் கிட்டவுள்ள கட்டுநாயக்கா விமான நிலையம்தான் வழி. அங்கே இறங்கி, வேன் பிடித்து, ஏழெட்டு மணித்தியாலம் வீதியில் போக வேண்டும். அம்மாவின் முழங்கால் இனி அதைத் தாங்காது. அதனால் இந்த முறை சென்னை வழியாக, யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலிக்குப் போனோம். திரும்பும்போது திருச்சி வழியாக வந்தோம்.

நேர்கோடு போட்டால் சென்னை–பலாலி ஏறத்தாழ 355 கிலோமீட்டர். திருச்சி–பலாலி 185 அளவில், கிட்டத்தட்டப் பாதி. ஆனால் நேரம் பாதியாகக் குறையவில்லை. சென்னையிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம் என்றால், திருச்சிக்கு ஒரு மணித்தியாலம். ரிக்கெற்றில் போடும் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தி. தூரம் குறைந்தாலும் அவை குறையா. ஆகவே கிலோமீட்டரைப் பார்த்து வழியைத் தெரிவு செய்ய வேண்டாம். லண்டன் விமானம் எங்கே, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பாருங்கள். நாங்கள் சென்னையில் விடியப்புறம் இறங்கினோம், பலாலி விமானம் மதியம் தாண்டித்தான். அந்தக் காத்திருப்புத்தான் அம்மாவை வாட்டியது.

இன்னொன்று, இரண்டும் தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் குடிவரவு தாண்டிப் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா கட்டாயம். லண்டனில் ரிக்கெற் போட்டுத் தந்தவர், பெரிய விமானத்தின் பெட்டி நிறை அளவே கடைசிவரை செல்லும் என்று சொல்லியிருந்தார். அது பிழை. சென்னையில் கூடுதல் நிறைக்குக் காசு கட்டினோம்.

பறப்பு நன்றாக இருந்தது. பலாலி ஓடுபாதை குறுகிய நீளம் என்பதால் வருவது ஏடிஆர் 72, விசிறி வைத்த சிறிய விமானம். இறக்கை சன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறையாது. கடல் முடிந்ததும் பனைகள், அப்புறம் செம்மண் தோட்டங்கள். படிகள் சிலதான். அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினார், கீழே சக்கர நாற்காலியுடன் ஒரு தம்பி நின்றார். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

இந்த வழி புதிதல்ல. அன்றைய இலங்கை விமான நிறுவனமான எயர் சிலோனின் முதல் விமானமே 1947 டிசம்பர் 10இல் கொழும்புக்குக் கிட்டவுள்ள இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. போரில் அறுந்த தொடர்பு 2019 நவம்பரில் திரும்பி வந்தது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மீண்டது. திருச்சிச் சேவை 2025 மார்ச்சில் தொடங்கியது. வயதானவர்களோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். காலையிலும் ஒரு விமானம் விட்டால் சென்னையில் அவர்களை அரைநாள் உட்கார வைக்கத் தேவையிராது.