அடித்தளம் மாறிய கிளவுட் தளம்: மன்னார்குடியிலிருந்து ஓர் அனுபவம்

நெல் அறுவடை இயந்திரங்களை முன்பதிவு செய்யும் சிறிய செயலி ஒன்றை மன்னார்குடியிலிருந்து நடத்திவருகிறோம். நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்து விவசாயிகள் முதல் நாள் மாலையே பதிவு செய்துவிடுவார்கள். பெல்ட் வண்டியா, டயர் வண்டியா என்பதை வயலின் ஈரம் முடிவு செய்யும். செயலி சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கிளவுட் தளம், தன் சொந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, பல சர்வர்களில் செயலிகளைப் பகிர்ந்து ஓட்டி நிர்வகிக்கும் திறந்த மூல மென்பொருளான கூபர்னெட்டிஸுக்கு மாறிவிட்டது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

இத்தனை மாற்றத்திலும், நிரலைத் தளத்துக்கு அனுப்பும் 'கிட் புஷ்' கட்டளை அப்படியே இருக்கிறது. ஹெரோகு என்ற கிளவுட் தளம் பரவலாக்கிய வழக்கம் அது: நிரலை அனுப்பினால் போதும், மற்றதைத் தளம் பார்த்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் கேபிள் இணைப்பு அறுந்து, கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இதன் அருமை புரியும். கன்டெய்னர் இமேஜை, அதாவது செயலியையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் கட்டிய பொதியை, மடிக்கணினியில் உருவாக்கி ஏற்றச் சொல்லியிருந்தால் நூற்றுக்கணக்கான மெகாபைட் போக வேண்டும். திருத்திய நான்கு வரிகளுக்கு ஹாட்ஸ்பாட் தாராளம்.

அனுப்பிய நிரலை உள்ளே இப்போது இமேஜாக மாற்றுவது கிளவுட் நேட்டிவ் பில்ட்பேக்ஸ். 2018இல் ஹெரோகுவும் பிவோட்டல் என்ற மென்பொருள் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய திறந்த மூலத் திட்டம் இது. நிரல் எந்த மொழியில் இருக்கிறது என்று அதுவே கண்டறிந்து, அடுக்கடுக்காக இமேஜை உருவாக்குகிறது. சார்பு நூலகங்கள் (எங்கள் நிரல் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) மாறவில்லை என்றால் அந்த அடுக்கை மறுபடி தொடுவதில்லை. இயங்குதளத்தில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அடியில் இருக்கும் அடுக்கை மட்டும் உருவி வேறொன்றைச் செருகலாம். எங்கள் நிரலை மறுபடி கட்ட வேண்டியதில்லை. இதைவிட முக்கியம், கிடைப்பது பொதுத் தரத்திலான இமேஜ் என்பது. நாளைக்கே கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போகலாம். பழைய ஏற்பாட்டில் அந்தத் துணிச்சல் எங்களுக்கு இல்லை.

ஒவ்வொரு கோரிக்கையும் எங்கே எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பதிவு செய்ய உதவும் ஓப்பன் டெலிமெட்ரி வந்ததும் ஒரு பழைய புதிருக்கு விடை கிடைத்தது. வண்டிக்காரர் 'ஒப்புதல்' பொத்தானை அழுத்தினால் திரை உறைந்து நிற்கும். தரவுத்தளம்தான் காரணம் என்று ஆளுக்கு ஆள் சாதித்துக்கொண்டிருந்தோம். கோரிக்கையின் தடத்தைத் திறந்து பார்த்தால், தரவுத்தள வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்திருக்கிறது. குறுஞ்செய்தி அனுப்பும் சேவையின் பதிலுக்காகவே மீதி நேரமெல்லாம் காத்திருப்பு. குறுஞ்செய்தியை வரிசையில் போட்டுப் பின்னணியில் அனுப்பியதும் திரை உடனே நகர்கிறது.

குறை இல்லாமல் இல்லை. புதிய சர்வர்கள் ஏஆர்எம் வகை புராசஸர் சில்லுகளில் ஓடுபவை. ரசீதை பிடிஎஃப் ஆக்கும் எங்கள் பழைய நூலகமோ இன்டெல் வகைச் சில்லுக்கு மட்டுமே தொகுக்கப்பட்டது. அதை அடியோடு மாற்ற நேர்ந்தது. வழிகாட்டியில் இதற்கு ஒற்றை வரிதான். அதைவிட எரிச்சலூட்டியது மாற்றத்துக்கு அவர்கள் வைத்த கடைசித் தேதி: ஜனவரி இறுதி. சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கும் தை மாதத்தில் இங்கே யாராவது சர்வரில் கை வைப்பார்களா? கடிதம் மேல் கடிதம் எழுதித்தான் அவகாசம் வாங்கினோம்.

கட்டணம் டாலரில் வருகிறது. பழைய தொகையைவிடச் சற்றே கூடுதல். வாடிக்கையாளர் பட்டியலை மட்டும் காட்டும் இணையதளம் என்றால் ஒரு மலிவான சர்வரே போதும், இதற்குள் நுழைய வேண்டாம். எங்கள் தரவுத்தளம் இன்னும் பழைய பகுதியிலேயே இருக்கிறது. தாளடி அறுப்பு முடிந்து, வண்டிகள் ஊர் திரும்பிய பிறகுதான் அதை நகர்த்துவோம்.