பழைய காலத்து கிரிக்கெட்டில் யார் உசத்தி: மட்டையாளர் ஜான் ஸ்மாலா, பந்துவீச்சாளர் லம்பி ஸ்டீவன்ஸா?

1775 மே 22, லண்டன் ஆர்ட்டிலரி மைதானம். பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடிய ஆட்டம். லம்பி ஸ்டீவன்ஸ் கையைத் தாழ்த்தி வீசிய பந்து ஜான் ஸ்மாலைத் தாண்டி, அந்தக் காலத்தில் நட்டிருந்த இரண்டே ஸ்டம்புகளுக்கு நடுவே மூன்று முறை புகுந்து போனது. ஸ்டம்புகளின் மேல் கிடக்கும் குச்சியான பெயில் விழவில்லை, ஸ்மால் அவுட்டும் இல்லை. மிச்ச ரன்களை அவரே எடுத்து தன் அணியான ஹாம்பிள்டனை ஜெயிக்க வைத்துவிட்டார். லம்பிக்கு வயிறு எப்படி எரிந்திருக்கும்! நடுவில் மூன்றாவது ஸ்டம்ப் முளைத்தது அதற்குப் பிறகுதான்.

ஸ்மால் பீட்டர்ஸ்ஃபீல்டுக்காரர். செருப்புத் தைத்தவர், பிறகு மட்டையும் பந்தும் செய்து விற்றார், வயலினும் வாசிப்பார். நேர் மட்டையால் தடுத்தாடுவதில் முன்னோடி. 89 வயது வரை வாழ்ந்தார்.

லம்பி சர்ரேக்காரர், டேங்கர்வில் பிரபுவின் தோட்டக்காரர். வேகத்தைவிட, பந்து எங்கே விழ வேண்டும் என்ற அளவையும் குறியையும் நம்பியவர். பிட்ச் எங்கே என்று முடிவு செய்யும் உரிமை கையில் கிடைத்தால், பந்து தரையோடு வழுக்கி ஓடும்படி சின்ன மேடுள்ள இடமாகப் பார்ப்பார்.

ரன் கணக்கைப் பார்த்தால் ஸ்மால்தான். ஆனால் என் ஓட்டு லம்பிக்கே. மிடில் ஸ்டம்ப் சாயும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோட்டக்காரர் நினைவுதான் வருகிறது.