மூலக்கடை பக்கம் உள்ள ஆட்டிசம் மையம்: ஐந்துக்கு இரண்டு ஸ்டார், அந்த இரண்டும் ஸ்பீச் தெரபிஸ்டுக்கு

அக்கா மகனுக்கு நாலு வயது, ஆட்டிசம். "முழுசா குணமாக்கலாம்" என்று போர்டு வைத்திருக்கும் இந்த மையத்துக்கு அவளோடு நானும் போயிருந்தேன். இதே முறை வேறு இடங்களிலும் நடப்பதால் பெயர் போடவில்லை.

முதலில் நல்லது. அங்கே இருக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் பாயில் பையனுக்கு எதிரே உட்கார்ந்து, சோப்பு நுரை ஊதும் பாட்டிலை மூடிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா காத்திருந்தார். அவன் முகத்தைப் பார்த்து "ஊ" என்றதும்தான் திறந்து ஊதினார். இது உண்மையான வேலை.

மற்றதெல்லாம் பேக்கேஜ். உடம்பில் ஈயமும் பாதரசமும் தேங்கியிருக்கிறதாம், கீலேஷன் மருந்தால் வெளியேற்றினால் பேச்சு வருமாம். உலோகத்தை இழுக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம் சிறுநீரைப் பிடித்து, மருந்தே சாப்பிடாதவர்களுக்கான அளவோடு ஒப்பிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும்கூட அளவு கூடத்தான் காட்டும். நிஜமாகவே ஈயம் ஏறியவர்களுக்கான மருந்து அது. 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையனுக்கு இந்த வகை மருந்தை நரம்பு வழியாக ஏற்றியபோது ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயமே நின்றுபோனது.

கோதுமையும் பாலும் நிறுத்தச் சொன்னார்கள். தயிர் சாதமும் பிஸ்கட்டும் தவிர எதையும் தொடாத பிள்ளைக்கு வேறென்ன கொடுப்பது என்று அக்கா கேட்டாள், பதிலில்லை.

பெரிய டாக்டர்கள் ஏன் இதை எதிர்க்கிறார்கள் என்று கேட்டால், மையத்தில் "மருந்து கம்பெனி விடாதும்மா" என்கிறார்கள். அது உண்மையில்லை. செக்ரட்டின் என்ற ஹார்மோன் ஊசி ஆட்டிசத்தைச் சரிசெய்யும் என்று 1998 வாக்கில் பேச்சு கிளம்பியபோது டாக்டர்கள் அதை ஒதுக்கவில்லை, போட்டே பார்த்தார்கள். 1999-இல் வந்த ஆய்வில் ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்குச் செக்ரட்டின், இன்னொரு பிரிவுக்கு வெறும் உப்புத் தண்ணீர். இரண்டு பக்கமும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த ஊசியில் ஆர்வமாகவே இருந்தார்கள். எனக்கு அது புரிகிறது. பிள்ளைகள் வளர வளரத் தானாகவும் மாறுவார்கள், அந்த மாதம் என்ன கொடுத்தோமோ பேர் அதற்குத்தான் போகும். ஒப்பிட்டுப் பார்க்காத எதையும் டாக்டர்கள் ஏற்காதது அதனால்தான்.

டாக்டர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. "தெரபி குடுங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான மத்திய அரசின் நிறுவனமோ சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கிறது, திருவொற்றியூரிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தினம் யார் அங்கே போவது? இந்த மையத்தில் நிதானமாக உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிறார்கள், அதற்காகவே பணத்தைக் கட்டிவிடத் தோன்றும்.

போவதாக இருந்தால் ஸ்பீச் தெரபிக்கு மட்டும் கட்டுங்கள். பேக்கேஜாகத்தான் தருவோம் என்பார்கள், அக்கா விடாமல் நின்று பேசியதும் ஒத்துக்கொண்டார்கள். டிரிப் ஏற்றலாம் என்றால் எந்த மருந்து, எவ்வளவு என்று பேப்பரில் எழுதிக் கேளுங்கள். எங்களுக்கு எழுதித் தரவில்லை.