ஜாவா உரிமம் என்று சொல்லி 24,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

திருகோணமலையில் கடைக்கணக்கை லினக்ஸ் கணினியில் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ‘ஜாவா உரிமம்’ என்று எழுதிய பற்றுச்சீட்டை யாராவது நீட்டினால் காசை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்துவிட்டேன். உரிமத்துக்கு 24,000, வந்துபோன கூலி 3,500.

உட்துறைமுக வீதிப் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய கடை. வலை, தங்கூசி, நைலோன் கயிறு, மிதவை, ஈயம் விற்கிறோம். சோளகம் தொடங்கியதும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்தும் தொழிலாளர்கள் வந்து வாடி அடிப்பார்கள். எங்கள் வியாபாரமே அந்த மாதங்களில்தான். பற்றுச்சீட்டு போடுவதற்கும் கடன் கணக்குக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் ஜாவா என்ற நிரல்மொழியில் ஒரு நிரல் எழுதித் தந்திருந்தான். அது ஓடுவதற்குக் கணினியிலும் ஜாவா இருக்க வேண்டும். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ், நாலு ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அவன் நிரலைத் திருத்திப் புதிய பதிப்பு அனுப்பினான். போட்டேன், திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரு நீண்ட ஆங்கில வரி, அதற்குள் 61.0, 55.0 என்று இரண்டு எண்கள். பையனோ கப்பலில் வேலை, தொடர்பு கிடைக்கவில்லை. கடைக்காரர் ஒருவர் சொல்லி, கணினி திருத்தும் ஒருவரை அழைத்தேன்.

அந்த இரண்டு எண்களின் பொருள் அன்று எனக்குத் தெரிந்திருந்தால் யாரையும் அழைத்திருக்கவே மாட்டேன். அவற்றிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு வந்துவிடும். 61 என்றால் ஜாவா 17, 55 என்றால் ஜாவா 11. நிரலுக்கு 17 வேண்டும், கணினியில் 11தான் இருக்கிறது என்பதைத்தான் அந்த வரி சொல்லியிருக்கிறது. 52 என்று கண்டால் ஜாவா 8, 65 என்று கண்டால் ஜாவா 21.

வந்தவர் அரை மணி நேரம் தட்டிவிட்டு, “அண்ணா, ஜாவா இப்போது காசுக்குத்தான். ஒரு வருட உரிமம் போட்டால்தான் வேலை செய்யும்” என்றார். நிரல் திறந்ததைக் கண்டதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தப் பேச்சில் பாதி உண்மை கலந்திருக்கிறது, அதனால்தான் எடுபடுகிறது. ஜாவாவை வைத்திருக்கும் ஒரக்கிள் நிறுவனம் 2019 ஏப்ரலில் தன் ஜாவா 8இன் புதிய பதிப்புகளை வியாபாரத்துக்குப் பயன்படுத்தச் சந்தா கேட்கத் தொடங்கியது உண்மை. ஆனால் உபுண்டு தருவது ஓப்பன்ஜேடிகே என்ற இன்னொரு ஜாவா. திறந்த உரிமத்தில் வெளியாகும் அதைக் கடையிலும் அலுவலகத்திலும் காசில்லாமல் பயன்படுத்தலாம். என் கணினியில் அவர் போட்டதும் அதுதான். டெர்மினலில் ஜாவாவின் பதிப்பைக் கேட்டால் முதல் வரியிலேயே ஓப்பன்ஜேடிகே என்று காட்டுகிறது.

அத்தோடு முடிந்திருந்தால் காசு போனது போகட்டும் என்று விட்டிருப்பேன். மறுநாளிலிருந்து நிரல் இழுக்கத் தொடங்கியது. காலையில் நன்றாக ஓடும். பத்து மணிக்குப் பிறகு சோரும். பின்னேரம் மூன்று, நாலு மணிக்கு, கடலுக்கு இறங்கப் போகிறவர்கள் வந்து நிற்கும் நேரத்தில், ஒரு பெயரைத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும். மூதூரிலிருந்து வழக்கமாக வருகிற ஐயா ஒருவர், கையில் எடுத்த இரண்டு கட்டுத் தங்கூசியை மேசையில் வைத்துவிட்டு, “படகு காத்திருக்கிறது, தம்பி” என்று போய்விட்டார். பிறகு அவர் வேறு கடைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

மறுபடி அதே ஆளை அழைத்தேன். ரேம் பழுது, புதிய ரேமும் எஸ்எஸ்டியும் போட வேண்டும், 42,000 ஆகும் என்றார். காசு புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் மகன் விடுமுறைக்கு வந்தான்.

அவன் உட்கார்ந்ததும் முதல் தடை கடவுச்சொல். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை மாற்றிவைத்திருந்தார்கள். கணினியை மீட்பு முறையில் தொடங்கிப் புதிதாக வைத்தான். பிறகு நிரலைத் தொடங்கும் கோப்பைத் திறந்து ஒரு வரியைக் காட்டி, “மாமா, நாலு ஜிபி உள்ள கணினியில் ஜாவாவுக்கு ஆறு ஜிபி எல்லை போட்டிருக்கிறார்கள்” என்றான். எக்ஸ்எம்எக்ஸ் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஆறு. பையன் அனுப்பிய கோப்பில் அப்படியொரு வரியே கிடையாது.

அவன் விளக்கியது இதுதான். இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் ஜாவா குப்பையை, அதாவது வேலை முடிந்த தரவை, கூட்டாமல் மேலும் மேலும் நினைவகத்தை எடுத்துக்கொண்டே போகும். உண்மையான ரேம் நிறைந்ததும் மிச்சத்தை லினக்ஸ் ஹார்ட் டிஸ்க்கில் ஸ்வாப் பகுதிக்குத் தள்ளும். கடைசியில் குப்பை கூட்டும் நேரம் வரும்போது, தள்ளிவிட்டதையெல்லாம் திரும்ப இழுத்துப் பார்க்க வேண்டும். காலையில் ஓடியதும் பின்னேரம் முடங்கியதும் இதனால்தான். ரேமில் ஒரு பழுதும் இல்லை. இரவு முழுவதும் சோதனை ஓடவிட்டுப் பார்த்தான். அந்த வரியை அழித்தான். எல்லை எதுவும் எழுதாவிட்டால் ஜாவா தானாகவே மொத்த ரேமில் நாலில் ஒரு பங்கோடு நின்றுகொள்ளும். எங்களுக்கு அந்த ஒரு ஜிபி தாராளம். அன்று பின்னேரம் பெயரைத் தட்டியவுடன் கணக்கு வந்து நின்றது.

நீங்களே ஜாவா போடுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். ஜாவா பொதிகளில், பெயரின் முடிவில் ‘ஹெட்லெஸ்’ என்று வருவதை எடுத்தால் திரையில் ஜன்னல் திறக்கும் நிரல்கள் ஓடாது. அந்தச் சொல் இல்லாததை எடுங்கள். பழைய ஜாவா இருந்தால் இருக்கட்டும், அப்டேட் ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையில் எது ஓட வேண்டும் என்று தெரிவு செய்யலாம்.

உரிமக் காசைப் பற்றி அந்தத் திருத்துபவரிடம் தொலைபேசியில் கேட்டேன். “அது என் வேலைக்கான கூலி, அண்ணா” என்றார். கூலி கேட்பதில் பிழையில்லை. ஐயாயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். ஆறு ஜிபி போட்டதுகூட அறியாமையாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் பற்றுச்சீட்டில் ‘ஜாவா உரிமம், 1 வருடம்’ என்று எழுதி, அதன் கீழே அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டிய திகதியையும் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். இல்லாத உரிமத்துக்கு அடுத்த வருடமும் காசு வாங்க வருவார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எனக்குப் பதினொரு நாள்தான் மிச்சம் இருந்தது. அவர்களின் தொலைபேசி எண் 1977. இதே மாதிரிப் பற்றுச்சீட்டு உங்கள் லாச்சியிலும் கிடந்தால், முதலில் அதிலுள்ள திகதியைப் பாருங்கள்.