ராமநாதபுரம் கடற்கரையில் எங்கே சாப்பிடுவது? முதலில் கிழமையைச் சொல்லுங்கள்

எனக்கு ஊர் உச்சிப்புளி. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில், ராமேஸ்வரம் போகிற வண்டியெல்லாம் டீக்கு நின்றோ நிற்காமலோ கடந்து போகிற ஊர். அதனால் வருடத்துக்குப் பத்துப் பேராவது போன் பண்ணிக் கேட்டுவிடுவார்கள்: "ராமேஸ்வரம் வர்றோம்டா, சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "என்னைக்கு வர்றீங்க? எந்தக் கிழமை?" சிரிப்பார்கள். சாப்பாட்டுக்கும் கிழமைக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள்.

நிறையவே இருக்கிறது. அதற்கு முன் இந்தக் கடற்கரையில் வெளியூர்க்காரருக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள சைவக் கடைகள், தனுஷ்கோடி மணலில் இருக்கும் மீன் கொட்டகைகள், பாம்பன் மண்டபம் பக்கத்து மதியச் சாப்பாட்டுக் கடைகள், அப்புறம் ராமேஸ்வரம் போகிறவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத கீழக்கரை. இந்த நாலோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். எந்தக் கடைக்குமே போகாத கூட்டம் அது.

ராமேஸ்வரத்தில் சுற்றுலாப் பேருந்து நிற்கிற இடத்துக்குக் காலை பத்து மணிவாக்கில் போய்ப் பாருங்கள். ராஜஸ்தான், குஜராத் எண் போட்ட பேருந்துகள் நிற்கும். பெட்டி வைக்கிற அறையைத் திறந்தால் சிலிண்டர், அடுப்பு, கோதுமை மாவு மூட்டை, ஆளுயரக் கரண்டி எல்லாம் வெளியே வரும். கூடவே வந்த சமையல்காரர் மாவு பிசைய, பயணிகளில் நாலு பெண்கள் கீழே உட்கார்ந்து ரொட்டி தேய்ப்பார்கள். அரை மணியில் பந்தி. காசியிலிருந்து கங்கை நீரோடு வருகிறவர்கள் கோதுமை மாவோடும் வருகிறார்கள். இருபது நாள், ஏழெட்டு மாநிலம், ஆனால் வயிறு மட்டும் சொந்த ஊரை விட்டு நகரவில்லை.

முன்பெல்லாம் இதைக் கிண்டல் செய்வேன். இவ்வளவு தூரம் வந்து அதே பருப்பும் ரொட்டியுமா என்று. பிறகு எங்கள் அம்மா ஒரு குழுவோடு காசிக்குக் கிளம்பினார்கள். பையைத் தூக்கினால் தூக்க முடியவில்லை. உள்ளே புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், ஒரு படி புழுங்கல் அரிசி. அன்றோடு கிண்டலை விட்டுவிட்டேன். வயதானவர்களோடு நெடும்பயணம் வருகிறவர்களுக்கு இந்தப் பேருந்து அடுப்பை அடிக்க எதுவும் கிடையாது. நாவுக்கு ஒன்றும் புதிதாகக் கிடைக்காது, வயிறும் கெடாது.

சரி, கடைக்கு வருவோம். கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியைப் பிழிந்துவிட்டு வெளியே வரும்போது வருகிற பசிக்கு இட்லியோ பொங்கலோ எதுவுமே அமிர்தம்தான். அந்த நேரத்தில் ரதவீதிகளில் எந்தக் கடையில் கூட்டம் சீக்கிரம் நகர்கிறதோ அங்கே உட்காருங்கள். ஈடு ஈடாக இட்லி இறங்கிக்கொண்டே இருக்கும், ஆறிப்போனது வராது. மதியம் என்றால் என் யோசனை கொஞ்சம் வேறு. தமிழ்நாட்டுச் சாப்பாடு என்று பலகை போட்ட கடையை விட, இந்தியில் பலகை போட்ட ரொட்டிக் கடை பல நாள் நன்றாக இருக்கிறது. என்னைத் துரோகி என்பார்கள், பரவாயில்லை. காரணம் இருக்கிறது. நம்மூர்ச் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர் வாழ்நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வரப்போகிறார். சாம்பார் நீர்த்துப்போனால் யார் திரும்பி வந்து சண்டை போடப்போகிறார்கள்? ரொட்டிக் கடைக்கு அப்படியில்லை. வடக்கிலிருந்து குழுக்களை அழைத்து வருகிறவர்கள் மாதாமாதம் வருகிறார்கள். ரொட்டி ஒருநாள் வறட்டியானால் அடுத்த மாதம் நாற்பது பேர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பயம் சப்பாத்தியில் தெரிகிறது.

இரண்டும் வேண்டாமென்றால் கோயில் அன்னதானம் இருக்கிறது. 2022 கடைசியிலிருந்து நாள் முழுக்கப் போடுகிறார்கள். வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும். சோறு சூடாக இருக்கும்.

அடுத்தது தனுஷ்கோடி. இதைப் பற்றிப் பேசாமல் யாரும் விடமாட்டார்கள், ஏனென்றால் எல்லோருடைய போட்டோவிலும் அந்த மீன் தட்டுதான் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் ஊரே போன இடம். பிறகு அரை நூற்றாண்டு காலம் மணலில் ஊர்கிற ஜீப்பும் வேனும்தான் வழி. 2017ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு கார்கள் வரிசைகட்ட, கொட்டகைகளும் பெருகிவிட்டன. ஒரு பக்கம் அலையடிக்கிற ஆண்கடல், இன்னொரு பக்கம் குளம் மாதிரிக் கிடக்கிற பெண்கடல், நடுவில் ஓலை நிழலில் பொரித்த மீன். சொல்லும்போதே நன்றாக இருக்கிறது இல்லையா?

இப்போது என் கதையைக் கேளுங்கள். மதுரையிலிருந்து வந்த நண்பன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஒரு கொட்டகையில் உட்கார்ந்தோம். வாசலில் பெரிய தாம்பாளம். அதில் செக்கச்செவேலென்று மசாலா பூசி, மேலே எலுமிச்சைத் துண்டு வைத்து மீன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒரு விளமீனைக் கைகாட்டினோம். தலையாட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தட்டில் வந்ததோ, நாங்கள் காட்டியதற்குத் தம்பி முறை ஆகும். அதுவும் விறகாகப் பொரிந்திருந்தது. "அண்ணே, நாங்க காட்டுனது இது இல்லையே" என்றால், "எண்ணெயில போட்டா சுருங்கும்ல தம்பி" என்றார். வால் பக்கம் கூடவா சுருங்கும்? பில் மட்டும் சுருங்கவில்லை.

எல்லாக் கொட்டகையும் அப்படி என்று சொல்லமாட்டேன். மீன்பிடிக் குடும்பங்களே நடத்துகிற சின்னக் கொட்டகைகள் இருக்கின்றன. காலையில் வலையில் விழுந்ததை மதியம் பொரித்துக் கொடுப்பார்கள். கண்டுபிடிக்க ஒரே வழி, மசாலா பூசாத மீனைக் காட்டச் சொல்வதுதான். மசாலா பூசின மீனுக்கு வயது தெரியாது. செவுளைத் தூக்கிக் காட்டுகிறார்களா, கண் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். நிறத்தையும் பாருங்கள். எங்கள் மாவட்டத்து முண்டு மிளகாய் 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். அதை அரைத்துப் பூசினால் வருகிற சிவப்பு கொஞ்சம் மங்கலானது. கண்ணைப் பறிக்கிற சிவப்பு வேறெங்கிருந்தோ வருகிறது.

ஆக, தனுஷ்கோடிக்குப் போவது காற்றுக்கும் கடலுக்கும். அங்கே ஒரு துண்டு மீன் கொறிக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு வண்டியைத் திருப்பிப் பாம்பனுக்கு வந்துவிடுங்கள்.

பாம்பனிலும் மண்டபத்திலும் நான் சொல்கிற கடைகளுக்குப் பலகை கிடையாது. வீட்டு முன்கட்டில் நாலு பெஞ்சு, தண்ணீர்க் குடம், அடுப்படியிலிருந்து நேராக வருகிற குழம்பு. பன்னிரண்டரைக்குத் தொடங்கி இரண்டரைக்குள் தீர்ந்துவிடும். மூன்று மணிக்குப் போய் நின்றால் கழுவிக் கவிழ்த்த சட்டியைத்தான் பார்க்கலாம். பாம்பன் பாலத்தில் ரயிலே ஓடாமல், 2022 டிசம்பர் முதல் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை வண்டிகளெல்லாம் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றுபோன காலத்தில்தான் வெளியூர்க்காரர்கள் சிலருக்கு இந்தக் கடைகள் தெரியவந்தன. ரயிலை விட்டு இறங்கிப் பஸ்ஸுக்கு நிற்கும்போது குழம்பு வாசம் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்.

நான் வழக்கமாகப் போகிற கடையில் அக்காவிடம் முதல் கேள்வி இதுதான்:

"அக்கா, இன்னைக்கு என்ன மீனு?"

"நேத்து போட்டு போகல தம்பி. நாட்டுப்படகு மீனுதான். சூடையும் காரலும் கெடக்கு. பெருசு கேட்டா இல்ல."

இந்தப் பதிலில் இருக்கிறது விஷயம். போட்டு என்று அக்கா சொல்வது விசைப்படகை. பாக் நீரிணைப் பக்கத்தை நாங்கள் வடகடல் என்போம். அங்கே விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை. விசைப்படகு போன மறுநாள் காலை கரை திரும்பும். அன்றைக்குத்தான் இறாலும் நண்டும் கணவாயும் குவியும். மற்ற நாளில் சின்ன மீன். வெளியூர்க்காரர்கள் சின்ன மீன் என்றதும் முகம் சுளிக்கிறார்கள், முள்ளாம். சூடையைத் தலை கிள்ளி, மிளகாயும் உப்பும் மட்டும் தடவி, முறுகப் பொரித்தால் முள்ளோடு மெல்லலாம். காரலைத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்துத் தருவார் அந்த அக்கா. மஞ்சள் நிறத்தில், பச்சை மிளகாய் மிதக்க, சோற்றில் ஊற்றினால் நிற்காமல் ஓடும். அதற்காகவே நான் விசைப்படகு போகாத நாளாகப் பார்த்துப் போவதுண்டு. கிழமை கேட்பதற்கு இதுதான் காரணம். என்ன கிழமை என்று தெரிந்தால் தட்டில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

கிழமையை விட முக்கியமானது மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்பது கணக்கு. பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். கூட்டம் அலைமோதுகிற மே மாதத்தில்தான் கரையில் பெரிய மீனுக்குப் பஞ்சம். அப்படியிருந்தும் சில இடங்களில் தட்டு நிறையப் பெரிய மீன் அடுக்கியிருக்கிறதே என்றால், பெரும்பாலும் ஐஸ் பெட்டியில் வேறு கரையிலிருந்து வந்ததாக இருக்கும். மேற்குக் கரைக்குத் தடை ஜூனில்தானே தொடங்குகிறது. அக்கா கடையில் மே மாதம் பாதி நாள் அடுப்பே எரியாது. மூடிக் கிடக்கிற அந்தக் கதவின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அப்படியானால் மே மாதம் வருகிறவர்களுக்கு? கீழக்கரை.

இந்த ஊருக்கு வருகிற ஒரே இடைஞ்சல், அது ராமேஸ்வரம் சாலையில் இல்லை என்பது. ராமநாதபுரத்திலிருந்து தெற்கே திரும்பி, திருப்புல்லாணி தாண்டி, மொத்தம் பதினேழு கிலோமீட்டர் போல. வழியில் திருப்புல்லாணிக் கோயிலில் பாயசப் பிரசாதம் கிடைத்தால் விடாதீர்கள். வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர் கீழக்கரை. கப்பல் ஓட்டி, முத்தும் சங்கும் விற்று, இலங்கையோடும் அதற்கப்பாலும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த கரை. அது சமையலில் அப்படியே இருக்கிறது. குழம்பை ஆணம் என்பார்கள். இடியாப்பம், மாசிக் கருவாடு போட்ட சம்பல், தேங்காய்ப்பால் கலந்த கறி, நெய்ச்சோறு, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பம். கடைக்காரரை நான் "பாய்" என்று கூப்பிட, பக்கத்தில் இருந்த பெரியவர் "எங்க ஊர்ல காக்கான்னு கூப்பிடுங்க தம்பி" என்றார். அங்கே காக்கா என்றால் அண்ணன். முதல் நாள் கூப்பிட நாக்கு எழவில்லை, இப்போது பழகிவிட்டது.

தொதல் என்கிற இனிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பால், கருப்பட்டி, அரிசி மாவு. பெரிய சட்டியில் போட்டு மணிக்கணக்காகக் கிண்டுவார்கள், எண்ணெய் கக்கிக்கொண்டு சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரை. அல்வா மாதிரி வழுக்காது. பல்லில் கொஞ்சம் பிடிக்கும், பிறகு கரையும், கடைசியில் கருப்பட்டியின் லேசான கசப்பு நாக்கில் தங்கும். ஊருக்கு வாங்கிப் போகிறவர்கள் நாலைந்து நாள் வைத்துச் சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது ஒருநாள் தாண்டியதில்லை.

குறையும் சொல்லிவிட வேண்டும். கீழக்கரையின் நல்ல சாப்பாடெல்லாம் வீடுகளுக்குள்ளும் கல்யாணப் பந்திகளிலும் இருக்கிறது. ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற சஹன் சாப்பாட்டைக் கடையில் எதிர்பார்த்துப் போகக்கூடாது; அழைப்பு வந்தால்தான் உண்டு. கடைகளில் கிடைப்பது அதில் கால்வாசி. தெருக்கள் குறுகல், பெரிய வேன் உள்ளே நுழையாது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு பிரியாணி தீர்ந்துவிடும். ரமலானில் பகலில் போனால் பட்டினிதான், சாயங்காலம் போனால் நோன்புக் கஞ்சி. ஆனால் ஆட்டுக்கறிக்குத் தடைக்காலம் கிடையாது, போட்டு போகிற நாள் போகாத நாள் என்ற கணக்கும் கிடையாது. அதனால்தான் மே மாதத்துக்கு இதைக் கை காட்டுகிறேன். மற்ற மாதங்களில் என் ஓட்டு பாம்பன் அக்காவுக்கு.

நடுவில் சாலையோரம் பனை ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுப்பவரைக் கண்டால், காலை பத்து மணிக்குள் என்றால் மட்டும் நிறுத்துங்கள். வெயில் ஏறினால் புளித்துவிடும்.

போன மாதம் சென்னைக்காரன் ஒருவன் கூப்பிட்டான். மே பதினெட்டாம் தேதி வருகிறானாம், நண்டு வேண்டுமாம், குடும்பத்தோடு ஒன்பது பேராம். கீழக்கரைக்குப் போ என்றேன்.

"அது கோயில்ல இருந்து நடக்கிற தூரமா?"

"எழுபது கிலோமீட்டர் இருக்கும்."

கொஞ்ச நேரம் பேச்சைக் காணோம். பிறகு, "சரி, நண்டு அங்க கிடைக்குமா?" என்றான்.